சுப்பராயன் வீட்டு மரு

பேரனை மடியில் வாங்கிக்கொண்ட ரங்கம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கு யாரைப் போல, நிறம் யாரைப் போல என்று கூடத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் நேராகக் குழந்தையின் இடது கையைச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள். சுண்டுவிரலை ஒட்டி, தனக்கென்று ஒரு நகத்தோடு, ஆறாவதாக ஒரு விரல் இருந்தது. அவசரமாகத் துணியை மூடினாள். ஆனால் பின்னால் நின்ற சுந்தரியின் கண் அதைவிட அவசரமானது.

"அண்ணி, அந்தக் கையை இன்னொரு வாட்டி காட்டுங்க" என்றாள் சுந்தரி.

சுந்தரி அந்த வீட்டு எஜமானர் சுப்பராயனின் தங்கை, குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு ஒரு மகள். மகள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, அண்ணன் மகன் ராமலிங்கத்துக்குத்தான் அவள் என்று முடிவு செய்து வைத்திருந்தாள். சுப்பராயனோ ஒடுகத்தூரில் வேர்க்கடலை விளையும் நிலத்தைப் பார்த்ததும் முறைப்பெண்ணை மறந்துவிட்டு, நிலத்துக்காரர் மகள் செண்பகத்தை மருமகளாக்கிக்கொண்டார். அன்றிலிருந்து சுந்தரி ஆம்பூருக்கு வரும்போதெல்லாம் இந்த வீட்டில் ஏதாவது ஒரு குறை கண்ணில் படாதா என்று தேடிக்கொண்டே இருந்தாள். இப்போது நகத்தோடு ஒன்று கிடைத்துவிட்டது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த செண்பகம் அன்றுதான் கைக்குழந்தையோடு திரும்பியிருந்தாள். இன்னும் உட்காரக்கூட இல்லை. "பொறக்கும்போதே இருந்துச்சி அத்தே. ஒடுகத்தூர்ல எல்லாரும் ராசின்னாங்க" என்றாள் மாமியாரைப் பார்த்து.

"பொண்ணைக் குடுத்தவங்க வேற இன்னா சொல்லுவாங்க" என்றாள் சுந்தரி.

மண்டியிலிருந்து சுப்பராயனைக் கூட்டிவந்தார்கள். அவர் ஆவாரம்பட்டை வியாபாரி. ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் ஷாப்புகளில் தோலைப் பதப்படுத்த அவர் மண்டிப் பட்டைதான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர் தோலைத் தொடமாட்டார். தோல் ஷாப்பு வாசலில் நின்று பேசிவிட்டு வந்தாலும் கிணற்றடியில் தலை முழுகாமல் உள்ளே நுழையமாட்டார். தோலில் வேலை செய்கிறவர்கள் தன் முன்வாசலில் ஏறக்கூடாது என்பதும் அவர் சட்டம். அந்தத் தோல் கொடுத்த சோறு மட்டும் முன்வாசல் வழியாகவே வந்துகொண்டிருந்தது.

பேரனின் கையைத் தூக்கிப் பார்த்த சுப்பராயன் அதைக் கீழே விட்டார். "எங்க வம்சத்துல யாருக்கும் இது கெடையாது" என்றார்.

அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு எது எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு தீர்மானமான கொள்கை உண்டு. நல்லதெல்லாம் தகப்பன் வழி, கெட்டதெல்லாம் தாய் வழி. ராமலிங்கத்தின் எடுப்பான மூக்கு சுப்பராயனுடையது. பட்டையை முகர்ந்தே தரம் சொல்லும் சாமர்த்தியம் சுப்பராயனின் அப்பாவுடையது. ராமலிங்கம் பரீட்சையில் தவறிய வருஷம் மட்டும் எல்லோருக்கும் ரங்கம்மாளின் அண்ணன் நினைவுக்கு வந்தார்.

இதில் சுப்பராயனுக்கு மிகவும் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. அவருடைய இடது சுண்டுவிரலின் வெளிப்பக்கம், அடியில், மிளகு அளவில் ஒரு மரு இருந்தது. அதே கையில், அதே விரலில், அதே இடத்தில் ராமலிங்கத்துக்கும் ஒரு மரு. மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக் காட்டுவார். "பாத்தியா, மருகூட தப்பல" என்பார். வந்தவர்களும் அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்று மெச்சிவிட்டுப் பட்டை விலை கேட்பார்கள்.

ஜோசியரைக் கேட்டார்கள். என்ன பதில் வேண்டும் என்பது சுந்தரி வழியாக அவருக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. ஆறாம் விரல் தகப்பன் குடிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். சுப்பராயன் முடிவெடுக்க வெகுநேரம் பிடிக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் குழந்தைக்குக் காது குத்துவது. உறவெல்லாம் கூடியிருக்கும்போது, சபையில் வைத்து விஷயத்தைச் சொல்வது. செண்பகத்தின் அண்ணன் ஆதிகேசவன் தாய்மாமன் சீரோடு வண்டி கட்டிக்கொண்டு வருவான்; திரும்பும்போது அந்த வண்டி வெறும் வண்டியாகப் போகாமல் தங்கையையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகட்டும். தை பிறந்ததும் சுந்தரியின் மகளை ராமலிங்கத்துக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைப்பது. அந்தக் காலத்தில் இதைக் கேட்க எந்தச் சட்டமும் இல்லை.

இதெல்லாம் பேசப்பட்டபோது ரங்கம்மாள் வாயைத் திறக்கவில்லை. அவள் திறக்க முடியாத காரணம் அவளுக்கும் இன்னொருத்திக்கும் மட்டுமே தெரியும். அந்த இன்னொருத்தியும் காலராவில் போய்விட்டாள்.

ரங்கம்மாள் தாயில்லாப் பெண். அதனால் ராமலிங்கம் ஆம்பூரிலேயே பிறந்தான். சுப்பராயன் பட்டை வாங்கச் சேலம் பக்கம் போயிருந்தார். மாமியார் ரங்கம்மாளின் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டாள். பிரசவம் பார்த்தது சேரியிலிருந்து வந்த மருத்துவச்சி மரியம்மாள். பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகும் அவள் கையில் விழாமல் அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் பூமிக்கு வந்ததில்லை. பிள்ளையைத் துடைத்தவள் இடது கையைப் பார்த்துவிட்டு, ரங்கம்மாளிடம் மெதுவாகக் காட்டினாள். சுண்டுவிரலை ஒட்டி, எலும்பில்லாமல், நூலில் தொங்கும் மணியாக ஒரு விரல்.

ரங்கம்மாள் அழுதுவிட்டாள். தன் வயிறுதான் இப்படிச் செய்துவிட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இனி இந்த வீட்டில் தன்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நடுங்கினாள். மரியம்மாள் ஜட்கா குதிரையின் வால்மயிர் ஒன்றைக் கொண்டுவந்து விரலின் அடியில் இறுக்கிக் கட்டினாள். சில நாளில் அது கறுத்து உதிர்ந்து போயிற்று. அடியில் ஒரு சின்னப் புடைப்பு மட்டும் நின்றுவிட்டது. எஜமான் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று ரங்கம்மாள் தவித்தபோது, யோசனை சொன்னதும் மரியம்மாள்தான்.

"ஐயா கையில ஒரு மரு கீதில்ல? அதேதான் புள்ளைக்கும்னு சொல்லிடும்மா. ஐயா சந்தோசப்படுவாரு."

அப்படியே சொன்னாள். ஐயா சந்தோஷப்பட்டார், இன்னும் சந்தோஷப்பட்டுக்கொண்டே இருந்தார். அந்த யோசனையைச் சொல்லும்போது மரியம்மாள் எதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள் என்பது மட்டும் ரங்கம்மாளுக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ராமலிங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவன் வேலூர் காலேஜில் இண்டர் வரைக்கும் படித்தவன். கல்யாணமான புதிதில், அடுக்களை வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த செண்பகத்துக்குத் தன் படிப்பையெல்லாம் கொட்டிக் காட்டுவான். நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைப் பட்டாணிச் செடியையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் நெட்டை. குட்டை ஒழிந்தது என்று நினைப்போம். அந்த நெட்டைகளின் விதையைப் போட்டால் நாலில் ஒன்று குட்டையாக எழுந்து நிற்கும். உள்ளே மறைந்திருக்குமே தவிர அழியாது. ஆண் செடியிலிருந்து ஒரு பாதி, பெண் செடியிலிருந்து ஒரு பாதி, இரண்டும் சமம். அடுப்படியில் இருந்த ரங்கம்மாள் இதைக் கேட்டுவிட்டு, காலேஜில் செடிக்குக் கல்யாணம் பண்ணிவைக்கவா சொல்லித்தருகிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பட்டாணி பற்றிய கேள்விக்கு அவன் பரீட்சையில் நிறைய மார்க்கு வாங்கியிருந்தான். பட்டாணிச் செடிக்கு அத்தனை நியாயம் பேசியவன், பெண்டாட்டியை வண்டியேற்றும் பேச்சு வந்தபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

காது குத்துக்கு முந்தின நாள், அடுக்களையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தபோது செண்பகம் கையை நிறுத்தினாள். "அத்தே, அவர் கையில கீறது மரு இல்லதானே?"

ரங்கம்மாள் அடுக்களைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். வெளியே யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டாள்.

"புள்ளையோட அந்த வெரல் எங்க மொளைச்சிருக்குதோ, அதே எடத்துல அவருக்கு அந்தத் தழும்பு. தெனமும் பாக்கறேன் அத்தே. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க."

மருமகள் கத்தியிருந்தால் ரங்கம்மாளும் கத்தியிருப்பாள். இப்படிக் கெஞ்சலாகக் கேட்டதில் உண்மை வெளியே வந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்ன கையோடு, அவள் தன் நியாயத்தையும் சொன்னாள்.

"இருந்துச்சிடி. இல்லேன்னு சொல்லல. ஆனா அதைத்தான் அப்பவே கட்டி உதிர்த்துட்டேனே. உதிர்ந்துபோனது எப்படி அவன் புள்ளைக்கு வரும்? எங்க வூட்ல நான் அதை ஒழிச்சிட்டேன். நீதான் உங்க வூட்லேர்ந்து திரும்பக் கொண்ணாந்துட்டே."

ரங்கம்மாள் இதைப் பொய்யாகச் சொல்லவில்லை. மனசார நம்பினாள். வெட்டின கிளையில் எப்படிக் காய்க்கும் என்று அவளுக்குத் தோன்றியது. செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆட்டுக்கல் குழவியைச் சுற்றினாள். மறுநாள் மாலை தான் இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும் அவள் மறுநாள் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்ததைப் பார்க்க ரங்கம்மாளுக்குச் சகிக்கவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. ஆதிகேசவன் சீர்த்தட்டுகளை இறக்கிவைத்துவிட்டு, மனையில் உட்கார்ந்து மருமகனை மடியில் வைத்துக்கொண்டான். தன்னை எதற்காக இவ்வளவு அன்பாக வரவேற்றார்கள் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. பத்தர் தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரங்கம்மாளும் செண்பகமும், அழுகிற வாயில் போட வெல்லத்தோடு பக்கத்தில் நின்றார்கள்.

பத்தர் காதுமடலைப் பிடித்துக் குத்தினார். குழந்தை வீரிட்டது. செண்பகம் வெல்லத்தை அதன் நாக்கில் வைத்துவிட்டு, மாமியாருக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசினாள்.

"அத்தே, மாமாவுக்குக் காது குத்தியிருக்காங்க. அவருக்கும் குத்தியிருக்கீங்க. மாமாவோட அப்பா, அவரோட அப்பா, எல்லாருக்கும் குத்தியிருப்பாங்க. இத்தினி பேர் காதுல ஓட்டை போட்டும், இவன் ஏன் அத்தே ஓட்டையில்லாத காதோட பொறந்தான்?"

ரங்கம்மாள் கையிலிருந்த வெல்லம் பிசுபிசுத்தது. அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கடுக்கன் போட்ட காது, கம்மல் போட்ட காது, ஒன்றுமே போடாமல் தூர்ந்துபோன காது. குத்தாத காது ஒன்றுகூட அங்கே இல்லை. இவர்களைப் பெற்றவர்களும் ஓட்டைக் காதுக்காரர்கள்தான். அத்தனை பேரும் முழுக்காதோடு பிறந்து, இப்படி ஒரு மடியில் கிடந்து வீரிட்டவர்கள்தான். காதில் குத்தியது காதோடு நின்றுவிட்டது, பிள்ளைக்குப் போகவில்லை.

அப்படியானால் விரலில் கட்டியதும் விரலோடு நின்றிருக்கும். உள்ளே இருந்தது உள்ளேயே இருந்திருக்கும். பேரனுக்கு அந்த விரல் வந்தது தன் மகனிடமிருந்துதான். அப்படியென்றால் மகனுக்கு யாரிடமிருந்து? அவள் தன் அப்பாவின் கைகளை நினைத்துப் பார்த்தாள். அண்ணனின் கைகளை, சின்ன வயதில் பிடித்துக்கொண்டு நடந்த அம்மாவின் கையை நினைத்துப் பார்த்தாள். எந்தக் கையிலும் புடைப்போ தழும்போ இல்லை. இத்தனை வருஷமாகத் தன் வயிற்றை நொந்துகொண்டவளுக்கு இப்போது முதல்முறையாக வேறொரு பக்கம் பார்க்கத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துச் சுப்பராயன் சபையை அமைதிப்படுத்த எழுந்து இடது கையை உயர்த்தினார். சுண்டுவிரலின் அடியில் அந்த மரு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்த மரியம்மாள் ரங்கம்மாளின் நினைவுக்கு வந்தாள். மரியம்மாளுக்கு முன்பு, சுப்பராயன் பிறந்த காலத்தில், இந்தத் தெருவுக்கு மருத்துவச்சி அவளுடைய அம்மா. கணவனிடம் தான் சொன்ன ஒரே பெரிய பொய், பொய்யே இல்லை என்பது ரங்கம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது.

சுப்பராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். தம் குடிக்கு இல்லாத ஒன்று இந்தக் குழந்தையின் கையில் வந்திருக்கிறது என்றும், அதனால் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு முடிவு சொல்லவேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் ரங்கம்மாள்.

சபையில் அவள் குரல் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. சுப்பராயனே யார் பேசியது என்று ஒரு கணம் தேடினார். அவள் ஆதிகேசவன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கணவன் எதிரில் நின்றாள். முகத்தில் அவளையறியாமல் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

"உங்க மருவைக் காட்டுங்க. புள்ளை கையோட வச்சிப் பாக்கணும்."

வழக்கமாகத் தானாகவே காட்டுவதை இன்று மனைவி காட்டச் சொன்னதில் சுப்பராயனுக்கு ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. கையை நீட்டினார். ரங்கம்மாள் மகனையும் கூப்பிட்டு அவன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். குழந்தையின் கையை நடுவில் வைத்தாள். உறவினர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கைகளில் மரு இருந்த அதே இடத்தில் மூன்றாவது கையில் விரல் இருந்தது.

"உங்க புள்ளைக்குக் கீறது மரு இல்ல" என்றாள் ரங்கம்மாள். "பொறக்கும்போது இதே எடத்துல ஆறாவது வெரல் இருந்துச்சி. நீங்க சேலம் போயிருந்தீங்க. குதிரைவால் மயிரைக் கட்டி உதிர்த்தேன். மிச்சம் நின்னது இது. இப்ப சொல்லுங்க, உங்களுக்குக் கட்டினது யாரு?"

சுப்பராயன் தன் கையைத் தானே புதிதாகப் பார்த்தார்.

"மருன்னுதானே எங்கம்மா சொன்னாங்க" என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

"நானுந்தான் உங்ககிட்ட மருன்னு சொன்னேன்" என்றாள் ரங்கம்மாள்.

தான் பார்த்தேயிராத அந்த மாமியார்மேல் அப்போது அவளுக்கு அப்படி ஓர் இரக்கம் வந்தது. அவளும் இப்படித்தான் பின்கட்டில் பிள்ளையை அணைத்துக்கொண்டு, தன் வயிறு செய்த குற்றம் என்று பயந்து, ஒரு மயிரைத் தேடியிருப்பாள். ஆண்பிள்ளைகள் வழியாக வந்த ஒரு விரலுக்காக, வந்த பெண்களெல்லாம் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி நடுங்கியிருக்கிறார்கள். ரங்கம்மாளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இன்னொரு கையும் ஞாபகத்துக்கு வந்தது. எப்போதும் முந்தானைக்குள்ளேயே இருக்கும் ஓர் இடது கை.

"சுந்தரி, உன் கையையும் காட்டு. ஒரே வயித்துல பொறந்தவதானே நீ. அப்படியே உன் பொண்ணு கையையும் பாத்துடலாம். ரெண்டு பக்கமும் சேர்ந்தா நாளைக்குப் பேரப்புள்ளைக்கு ஏழா எட்டான்னு தெரிஞ்சிக்கணும் இல்ல?"

சுந்தரி முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். குடியாத்தம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். விருந்துச் சாப்பாடு இலைக்கு வருமுன்னே அவள் பஸ் பிடிக்கப் போனது அதுவே முதல் தடவை. இரண்டாம் கல்யாணப் பேச்சும் அவளோடு அதே பஸ்ஸில் ஏறிப் போயிற்று.

அப்போதுதான் ராமலிங்கத்துக்கு வாய் வந்தது. பட்டாணிச் செடியிலும் இப்படித்தான், இதை இண்டரிலேயே படித்தேன் என்று ஆரம்பித்தான்.

"இத்தினி நாளா எங்கடா போயிருந்துச்சி உன் பட்டாணி?" என்றாள் அவன் அம்மா. அவன் மறுபடி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான்.

ஆதிகேசவனின் வண்டி வெறும் வண்டியாகவே ஒடுகத்தூருக்குத் திரும்பியது. மறைத்துவைத்ததற்காகச் சுப்பராயன் மனைவியைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டுமானால் அவள் எதை மறைத்தாள் என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கும். செண்பகத்திடம் ஒரு வார்த்தை வருத்தமாவது சொல்வார் என்று ரங்கம்மாள் எதிர்பார்த்தாள். அவர் அதற்குப் பதிலாக ஜோசியரை மறுபடி வரவழைத்தார். தகப்பன் வழியில் வந்த ஆறாம் விரல் ராஜயோகம் என்று ஜோசியர் அதே சுவடியில் கண்டுபிடித்துச் சொன்னார். அடுத்த சந்தைக்குள் சுப்பராயன் பேரனை மண்டிக்குத் தூக்கிப்போய், அந்தக் கையைத் தோல் ஷாப்பு சாயபுமார்களிடமெல்லாம் காட்டத் தொடங்கிவிட்டார். "எங்க வம்சத்து அடையாளம்" என்று சொல்லிக்கொண்டார். விரல் அதேதான். தாயிடமிருந்து வந்ததாக இருந்தவரை அது சாபம், தகப்பனிடமிருந்து வந்தது என்று தெரிந்ததும் அது பெருமை.

மறு வருஷம் செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுப்பராயன் அதை மடியில் கிடத்தி, கைகளை விரித்து விரித்துப் பார்த்தார். இரண்டிலும் ஐந்து ஐந்து விரல்கள், மருகூட இல்லை. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"நம்ம வூட்டு அடையாளம் ஒண்ணுமில்லியே" என்றார். "எல்லாம் அம்மா வூட்டு வாகு."

ரங்கம்மாள் பேத்தியை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"காதுலயும் ஓட்டையில்ல, பாத்தீங்களா?" என்றாள். "அதுக்கும் ஒடுகத்தூரையே ஒரு வார்த்தை கேட்டுடுங்க."